ஹார்மோன் ஊற்றாமலே ஈஸ்ட் ஒளிர்கிறதே, ஏன்?

தரமணி மாணவி: முதுகலைப் புராஜெக்ட். கால்4 (Gal4, ஈஸ்ட்டின் காலக்டோஸ் மரபணுக்களை இயக்கும் புரதம்) என்பதன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி, மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, விபி16 (VP16, மரபணுவை முடுக்கிவிடும் வைரஸ் புரதத் துண்டு) மூன்றையும் ஒட்டிய புரதத்தை ஈஸ்ட்டில் வைத்திருக்கிறேன். எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை விட்டால்தான், கால்1 (GAL1) புரமோட்டர் என்ற டிஎன்ஏ சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) ஒளிர வேண்டும். ஆனால் சும்மா வைத்த குழாயும் பச்சையாக மின்னுகிறது! மூன்று வாரம் போச்சு. நடுவில் கரண்ட் போய் ஷேக்கர் நின்றது வேறு.

பழைய ஈஸ்ட்: மீடியத்தில் என்ன சர்க்கரை?

தரமணி மாணவி: காலக்டோஸ், 2 சதவீதம். சீனியர் வைத்துவிட்டுப் போன டப்பா.

பழைய ஈஸ்ட்: அட, அதுதான் விஷயம். செல்லின் சொந்தக் கால்4, காலக்டோஸைக் கண்டாலே விழித்துக்கொண்டு அதே கால்1 புரமோட்டரை இயக்கிவிடும். ரஃபினோஸ் என்ற சர்க்கரைக்கு மாறும்மா, அது கால்1-ஐத் தூண்டவும் செய்யாது, அடக்கவும் செய்யாது. எஸ்ட்ராடியாலை எத்தனாலில்தானே கரைக்கிறாய்? ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவு வெறும் எத்தனால் விட்ட குழாய் ஒன்றும் வை.

அடையாறு அக்கா: கால்4 பகுதியையே தூக்கிவிட்டு எலியின் ஜிஃப்268 (Zif268) புரதத்தில் டிஎன்ஏவைப் பிடிக்கும் ‘துத்தநாக விரல்’ பகுதிகளைப் பொருத்தலாம். அது பிடிப்பது வேறு 9 எழுத்து டிஎன்ஏ தொடர், காலக்டோஸ் மரபணுக்களைச் சீண்டாது. புரமோட்டரையும் மாற்ற வேண்டும், அதுதான் தலைவலி.

தரமணி மாணவி: நேற்று ரஃபினோஸில் போட்டேன். எத்தனால் குழாய் கும்மிருட்டு, ஹார்மோன் குழாய் பச்சைப்பசேல். நன்றி அண்ணா! விரல் வேலை அடுத்த செமஸ்டருக்கு, அக்கா.