பனியாற்று மண்ணில் ஷெல்பி குழாய் மடங்கியே வருகிறது: மாதிரி எடுக்க வேறு வழி உண்டா?

களப்பணி_மண் (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. ஒரு பாலத்தின் அடித்தளத்துக்காக மொரைன் மேட்டில் (பனியாறு தள்ளிக் குவித்த மண்-கல் மேடு) மண் ஆய்வு நடக்கிறது. மேலே இரண்டு மீட்டர் அளவுக்கு உதிரியான சரளை மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கெட்டியான அடுக்கு. களிமண், வண்டல், மணல், சரளை, தலையளவு கல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. 76 மி.மீ. ஷெல்பி குழாயை (மெல்லிய சுவருள்ள மாதிரிக் குழாய்) அழுத்தினால் விளிம்பு மடங்கி, பாதிகூட நிரம்பாமல் மேலே வருகிறது. எஸ்.பி.டி. (சம்மட்டியால் அடித்துக் குழாயை மண்ணில் இறக்கி அடிகளை எண்ணும் சோதனை) எண்ணையும் நம்ப முடியவில்லை. ஒரே அடுக்கில் ஓரிடத்தில் 28 வருகிறது, சற்றுத் தள்ளி 50 முறை அடித்தும் இறங்கவில்லை.

ஆய்வகத்தில் செய்த டிரையாக்சியல் (மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி வலிமையை அளக்கும் சோதனை) முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. போதாக்குறைக்கு, சல்லடைச் சோதனைக்கு நான் அனுப்பிய பைகள் பற்றாது, 70 கிலோ வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு உண்மையிலேயே தேவையா? குலையாத மாதிரியை இந்த மண்ணில் எடுக்கவே முடியாதா?

ரிக்_பக்கம்:
முதலில் ஷெல்பியை நிறுத்துங்கள். அது கல் இல்லாத மென்மையான களிமண்ணுக்கான கருவி. சுவர் மெல்லியதாக இருப்பதால்தான் அங்கே மண்ணைக் குலைக்காமல் இறங்குகிறது. இங்கே அந்த மெல்லிய விளிம்பு கல்லில் மோதி மடங்குகிறது. மடங்கிய விளிம்போடு இன்னும் அழுத்தினால் கல் முன்னால் நகர்ந்து சுற்றியுள்ள மண்ணை உழுதுகொண்டே போகும். அந்தக் குழாயில் வந்த மண்ணை வைத்து வலிமைச் சோதனை செய்தால் முடிவு சிதறத்தான் செய்யும்.

எஸ்.பி.டி.யிலும் அதே சிக்கல். மண்ணில் இறங்கும் கரண்டி என்ற குழாயின் உள்விட்டம் 35 மி.மீ. மட்டும். அதைவிடப் பெரிய கல் வாயில் அடைத்தால் அடி எண்ணிக்கை கல்லைச் சொல்லும், மண்ணைச் சொல்லாது. 150 மி.மீ.க்கு ஒரு முறை எண்ணாமல் 25 மி.மீ.க்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். திடீரென எகிறும் இடம் கல் என்று தெரிந்துவிடும். அடுக்கின் தன்மையை முடிவு செய்யும்போது அதிக எண்களை விட்டுக் குறைந்த எண்களையே பாருங்கள்.

துளையிலிருந்து நல்ல மாதிரி வேண்டுமென்றால் மூன்றடுக்குக் குழாய் கோரிங் (மண்ணை உருளையாக வெட்டி எடுக்கும் துளையிடல்) கேளுங்கள், 100 மி.மீ. கோர் கிடைக்கும் அளவில். வெறும் தண்ணீரை ஓட்டினால் கல்லுக்கு இடையிலுள்ள நுண்மண் கரைந்து, கழுவிய சரளை மட்டும் பெட்டிக்கு வரும். பாலிமர் கரைசலோ நுரையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். சோனிக் ரிக் (அதிர்வால் துளையிடும் இயந்திரம்) கிடைத்தால் அடுக்குகளைத் தொடர்ச்சியாகப் பார்க்க அருமையானது. ஆனால் அதிர்வும் சூடும் உண்டு, வலிமைச் சோதனைக்கு அந்த மாதிரியை அனுப்பாதீர்கள்.

சல்லடை_மேசை:
70 கிலோ கேட்டது சரிதான். ஏ.எஸ்.டி.எம். டி 6913 என்ற சோதனைத் தரநிலையின்படி மிகப் பெரிய துகள் 19 மி.மீ. என்றால் 1.3 கிலோ போதும், 38 மி.மீ.க்கு 10 கிலோ, 75 மி.மீ.க்கு 70 கிலோ. சின்னப் பையில் ஒரே ஒரு பெரிய கல் விழுந்தாலும் விழாவிட்டாலும் துகள் அளவு வளைகோடு முழுவதும் மாறிப்போகும். அதனால்தான் இவ்வளவு மண். 75 மி.மீ.க்கு மேலுள்ள கற்களைக் களத்திலேயே பிரித்து, எடை போட்டு, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவி.

மாதிரியைத் தோண்டிப்போட்ட குவியலின் ஓரத்தில் அள்ள வேண்டாம். பெரிய கற்கள் சரிந்து அடியில் சேர்ந்திருக்கும், உச்சியில் நுண்மண் தங்கியிருக்கும். குழியின் சுவரில் ஒரே அடுக்குக்குள் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் போல வெட்டி, விழுவது எல்லாவற்றையும் தார்ப்பாயில் பிடியுங்கள். குறைக்க வேண்டியிருந்தால் நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரையாக்சியல் பற்றி ஒன்று. மாதிரியின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைவிடப் பெரிய கல் உள்ளே இருக்கக் கூடாது. 100 மி.மீ. மாதிரிக்கு அது சுமார் 16 மி.மீ. உங்கள் ஷெல்பித் துண்டைச் சீவி 38 மி.மீ. ஆக்கியிருந்தால் எல்லை 6 மி.மீ.தான். இந்த மண்ணில் அப்படி ஒரு துண்டு கிடைப்பதே அரிது. மாதிரியின் விட்டம் என்ன என்று உங்கள் ஆய்வகத்தைக் கேளுங்கள்.

ஈரப்பதத்தில் பலர் கவனிக்காத விஷயமும் உண்டு. கல் கிட்டத்தட்ட நீரே பிடிக்காது. மொத்த மண்ணின் ஈரப்பதம் 7%, அதில் கல் 40%, கல்லின் ஈரம் 1% என்றால், மீதியுள்ள நுண்பகுதியின் ஈரப்பதம் (7 − 0.4) ÷ 0.6 = 11%. பிளாஸ்டிக் எல்லையோடு (மண் பிசையும் பதத்துக்கு வரும் ஈரப்பதம்) ஒப்பிட வேண்டியது இந்த 11-ஐத்தான், 7-ஐ அல்ல. பனியாறு அரைத்த பாறைத்தூள் மண்ணில் களிமண் தாதுக்கள் குறைவு, பிளாஸ்டிக் எல்லைக்கும் திரவ எல்லைக்கும் (மண் குழம்பாகும் ஈரப்பதம்) இடைவெளி குறுகல். ஓரிரு சதவீதம் நீர் கூடினாலே கெட்டி மண் குழம்பாகிவிடும். எடுத்த உடனே காற்றுப் புகாமல் மூடுங்கள், மதியம் வரை வெயிலில் வைக்காதீர்கள்.

களப்பணி_மண்:
மிக்க நன்றி. விட்டம் 38 மி.மீ. என்றுதான் அறிக்கையில் இருக்கிறது. அப்போது புரிகிறது. 3 மீட்டர் வரை சோதனைக் குழி தோண்ட இயந்திரம் இருக்கிறது. பிளாக் மாதிரி (மண்ணைக் கட்டியாகச் செதுக்கி எடுப்பது) எடுக்கலாமா? இன்னொன்று: ஒரு துளையில் கெட்டி அடுக்குக்குக் கீழே மெல்லிய பட்டைகளாக, கல்லே இல்லாத வண்டல்-களிமண் வந்தது. இதையும் அதே மண் என்று எழுதலாமா?

மொரைன்_வாசிப்பு:
எழுதவே கூடாது. உங்கள் மேட்டில் குறைந்தது மூன்று படிவுகள் இருக்கின்றன. மேலே உள்ள உதிரி மண், பனி உருகும்போது அதன் மேலிருந்து இறங்கியதாக இருக்கலாம். சாம்பல் கெட்டி அடுக்கு பனியாற்றின் அடியில் நசுங்கிப் படிந்தது. அந்தப் பழைய எடையின் இறுக்கம் இன்னும் அதில் இருக்கிறது. பட்டை மண், பனிக்கு முன்னால் தேங்கிய ஏரியில் படிந்த வண்டல். மூன்றுக்கும் வலிமை வேறு, நீர் ஊடுருவல் வேறு, மாதிரி எடுக்கும் முறையும் வேறு.

பாலத்துக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தப் பட்டை மண்ணில்தான். சுமை ஏறினால் மெதுவாக இறங்குவதும், பட்டையோடு வழுக்குவதும் அதன் குணம். அங்கே கல் இல்லை என்பதால் ஷெல்பி தாராளமாக வேலை செய்யும், எனவே ஷெல்பியை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். சற்றே தொட்டாலும் குலையும் மென்களிமண்ணாக இருந்தால் ஷெர்ப்ரூக் பிளாக் கருவி என்று ஒன்று உண்டு. துளைக்குள்ளேயே 250 மி.மீ. விட்டத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்கும். கனடாவின் கியூபெக்கில் இத்தகைய களிமண்ணுக்கென்றே உருவாக்கியது.

கெட்டி அடுக்கின் சுவரில் விரிசல்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். திசையையும் சாய்வையும் குறியுங்கள். சரிவு நிற்குமா விழுமா என்பதைப் பல நேரம் அவைதான் தீர்மானிக்கின்றன.

சல்லடை_மேசை:
பிளாக் எடுப்பது பற்றி. குழியின் சுவரை முட்டுக் கொடுத்துத் தாங்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கெட்டி மண் நிற்கும் என்ற நம்பிக்கையில் இறங்காதீர்கள், விரிசலோடு ஒரு பலகையாகப் பெயர்ந்து விழும். படிபடியாக வெட்டிய திறந்த சரிவில் எடுப்பது இன்னும் நல்லது.

300 மி.மீ. கனசதுரமாக நான்கு பக்கமும் கத்தியாலும் சிறு உளியாலும் செதுக்கி ஒரு தூணாக நிறுத்துங்கள். குறுக்கே கல் வந்தால் பிடுங்காதீர்கள். கல் வெளியே வந்த பள்ளத்தைச் சுற்றி மண் தளர்ந்துவிடும். துருத்திக்கொண்டே இருக்கட்டும், அல்லது இடத்தை மாற்றுங்கள். பிறகு பிளாஸ்டிக் தாள், அலுமினியத் தாள், மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் மெழுகு. பாரபினோடு பெட்ரோலியம் ஜெல்லி கலந்தால் மெழுகு விரிசல் விடாது. மெழுகு கொதிக்கக் கொதிக்க வேண்டாம், உருகிய அளவே போதும். அடி இல்லாத மரப்பெட்டியைக் கவிழ்த்து இடைவெளியை ஈர மரத்தூளால் நிரப்பி, அதன்பின் அடியை வெட்டித் திருப்புங்கள். ஒரு பிளாக் சுமார் 60 கிலோ இருக்கும், ஆட்களை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம், வடக்கு, ஆழம் மூன்றையும் பெட்டியிலும் மெழுகின் மேலும் எழுதுங்கள்.

பிளாக் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே களத்து அடர்த்தியும் பாருங்கள். கல் நிறைந்த மண்ணுக்கு வழக்கமான சிறிய மணல்-மாற்றுக் குழி (மணலால் நிரப்பிக் கன அளவு காண்பது) பற்றாது. பெரிய குழி தோண்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, நீரை அளந்து ஊற்றிக் கன அளவு காணும் முறை ஏ.எஸ்.டி.எம். டி 5030-ல் இருக்கிறது. அந்த அடர்த்தி தெரிந்தால், பெரிய கல்லை நீக்கிய மண்ணை மறுபடி இறுக்கிச் சோதித்துக்கூட உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வால் வரும் வலிமையின் அளவு) பெறலாம். விறைப்பை அப்படிப் பெற முடியாது. அதற்குப் பிரஷர்மீட்டர் (துளைக்குள் விரிந்து மண்ணை அழுத்தி அளக்கும் கருவி) அல்லது தட்டுச் சுமைச் சோதனையைக் களத்திலேயே செய்யுங்கள்.

களப்பணி_மண்:
இரவில் உறைகுளிர் வருகிறது. பிளாக்குகளை வண்டியிலேயே வைக்கலாமா?

சல்லடை_மேசை:
வேண்டாம். வண்டல் மண் உறைந்தால் உள்ளே பனிக்கட்டி இழைகள் வளர்ந்து மண்ணைப் பிளந்துவிடும், உருகியபின் பார்ப்பது வேறு மண். உறைநிலைக்கு மேலே இருக்கும் அறையில் வையுங்கள்.

களப்பணி_மண்:
சரி. கடைசியாக ஒன்று. 9 மீட்டரில் பாறை வந்துவிட்டது, துளையை முடிக்கலாம் என்கிறார் ரிக்காரர்.

ரிக்_பக்கம்:
முடிக்க விடாதீர்கள், அது பாறாங்கல்லாக இருக்கலாம். குறைந்தது 3 மீட்டராவது தொடர்ந்து கோர் எடுக்கச் சொல்லுங்கள். இடையில் மறுபடி மண் வந்தால் விஷயம் தெளிவு. வராவிட்டாலும், வந்த பாறை பக்கத்து வெளிப்பாறையோடு ஒத்துப்போகிறதா, அடுத்த துளையிலும் ஏறத்தாழ அதே மட்டத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.