எஞ்சினியர் ஐயாவை நாங்கள் அறிந்த விதம்

பேத்தி, அழகாபுரம், சேலம்

சென்ற மார்கழியில் காலமான எங்கள் அப்புச்சி, பொதுப்பணித்துறையில் மேட்டூரிலும் சேலத்திலும் பணியாற்றி, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். அவரோடு பழகியவர்கள் தங்கள் நினைவுகளை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததை நானே முதலில் எழுதுகிறேன்.

காலையில் நாளிதழ் வந்ததும் அவர் தேடுவது மேட்டூர் அணை நிலவரத்தைத்தான். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு ஆகிய நான்கையும் நான் உரக்கப் படிக்க, அவர் ஒரு நீள நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்வார். வேலையில் இருந்த காலத்தில் கட்டுமான அளவுகளைப் பதிந்த புத்தகத்தின் நினைவாக, அந்த நோட்டுக்கும் ‘எம் புக்’ என்றே பெயர் வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய வயதிலேயே ‘கனஅடி’ என்ற சொல் என் வாயில் ஏறிவிட்டது.

எட்டு வயதில் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அணை வற்றிக் கிடந்தபோது ஒரே நாளில் மூன்றடி ஏறியதே, இப்போது அதே அளவு தண்ணீர் வந்தும் ஓரடிகூட ஏறவில்லையே, அது ஏன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய், அம்மாயி கழுவிக் கவிழ்த்திருந்த வடைச்சட்டியை எடுத்து வந்து, ஆடாமலிருக்கப் பிரிமணை போட்டுத் திண்ணையில் வைத்தார். மர ஸ்கேலை என்னிடம் கொடுத்து, சட்டியின் நடுவில் நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். முதல் டம்ளர் தண்ணீருக்கு முக்கால் அங்குலம் ஏறியது; ஐந்தாவது டம்ளருக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம்தான் ஏறியது. “அடியில பள்ளம் ஒடுக்கம் அம்மிணி, மேல போகப் போக விரியுது. நிரம்புற நேரத்துல ஓரடி ஏத்தறதுக்கே ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல வேணும்” என்றார். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் வந்தால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கனஅடி என்பதும், 120 அடியில் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதும் அன்று அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து போட்ட கணக்குகளில்தான் எனக்குப் பழக்கமாயின. ஸ்கேல் பிடித்த என் கை நடுங்கும்போதெல்லாம் அவர் ஊற்றுவதை நிறுத்திக் காத்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஏற்காட்டுக்கு எங்களை அழைத்துப் போனால், சேலத்திலிருந்து ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றைத் தாண்டி, இடம் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுவார். சாலையோரத் தாங்கு சுவரில் வரிசையாக விட்டிருக்கும் ஓட்டைகளைக் காட்டுவார். சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும் என்றும், அது கசிந்து வெளியேறத்தான் அந்த வழி என்றும் விளக்குவார். அடைத்துக் கிடக்கும் ஓட்டையைக் கண்டால் ஒரு குச்சியை ஒடித்துக் கிண்டி, ஈரமண் உதிர்ந்த பிறகே வண்டியில் ஏறுவார். ஏரியும் படகும் எங்களுக்குக் காத்திருக்கும். அவருக்கு அவசரமே இருக்காது.

2018 ஜூலையில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அணை 120 அடியை எட்டியபோது, செய்தியைப் படித்ததோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. தள்ளாத வயதிலும் பேருந்து ஏறி மேட்டூருக்கு வந்தார். பதினாறு கண் மதகின் வழியே பாய்ந்த நீரைப் பார்த்தபடி நெடுநேரம் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1934இல் கட்டி முடித்த அணை அது; கட்டியவர்களில் ஒருவரைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று திரும்பும் வழியில் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர்

எங்கள் தெருவில் பலருக்கு அவர் வெறும் எஞ்சினியர் ஐயாதான். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பேருக்கு ஒரு குழாயைப் பதித்து முடித்துக்கொள்ள நினைத்திருந்த எங்களை அவர் விடவில்லை. அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் என்று ஒவ்வொரு வீட்டுக் குழியையும் பக்கத்தில் நின்று நிரப்பச் செய்தார். மொட்டைமாடி அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைக் குழிக்குள் விடக்கூடாது என்று தனி அடைப்பு வைக்கச் சொன்னதும் அவரே. புரட்டாசி பிறந்ததும் வந்து, மேல்மணலை வாரி அலசிப் போட்டாயிற்றா என்று கேட்பார். ஓராண்டு நான் அலட்சியமாக விட்டுவிட்டேன். மணலில் சேறு படிந்து, வாசல் முழுக்கத் தண்ணீர் தேங்கியது. மறுநாள் காலை அவர் ஒரு வாளியும் சல்லடையுமாக, பேத்தியை உடன் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மணலை அவர் வார, அந்தப் பெண் சலித்துத் தர, நான் கூசிப் போய்த் தண்ணீர் இறைத்து ஊற்றினேன்.

கட்டட மேஸ்திரி, ஓமலூர்

அவர் மகன் வீட்டுக்குத் தளம் போட்டது நான்தான். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னவர், பதினான்கு நாளும் விடியற்காலையில் ஏணி ஏறி வந்து, விரலை விட்டு ஆழம் பார்த்துவிட்டுத்தான் போனார். “காயவிட்டாப் போச்சுங்க மேஸ்திரி, அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் அந்தப் பலம் வராது” என்பார். எங்களை அவர் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. இன்றும் என்னிடம் வேலை பழகும் பையன்களை விடியற்காலையில் தளத்துக்கு அனுப்பி, விரலை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பேத்தி

எழுதியவர்களுக்கு நன்றி. சல்லடை பிடித்த அந்தக் காலையை நான் மறந்தே போயிருந்தேன்.

கடைசி மாதங்களில் அவருக்குக் கண்பார்வை மங்கியதால், எம் புக்கில் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே ஒருநாள், தூக்கக் கலக்கத்தில் வரத்தையும் வெளியேற்றத்தையும் இடம் மாற்றிப் படித்து, அப்படியே எழுதியும் விட்டேன். கண்ணை மூடியிருந்தவர், “வர்றதைவிடப் போறது ஜாஸ்தின்னா மட்டம் எப்படி ஏறும்? மறுபடி பாரு அம்மிணி” என்றார். அழிக்கப் போன என்னைத் தடுத்தார். எம் புக்கில் எதையும் அழிக்கக் கூடாது, தவறானதை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். பேனாவை வாங்கி, என் சுருக்கொப்பத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார். கோடு விட்டு இறங்கிய அந்த இரண்டு எழுத்துகள்தான் அவர் கையால் கடைசியாக எழுதியவை.