அனுப்பிய மடலின் படி: கோப்புப்படியா, கோப்புநகலா?

நண்பர்களே,

இமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியின் கையேட்டில் மடல் பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், ஒரு சொல்லில் நின்றுபோயிருக்கிறேன். மடலின் தலைப்பகுதியில் எஃப்சிசி என்று ஒரு வரி போட்டுக் கோப்பின் பெயரைத் தந்தால், அனுப்பும்போதே மடலின் படி ஒன்று அந்தக் கோப்பின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். மடல் புறப்படும் முன் அந்த வரி நீக்கப்பட்டுவிடும், பெறுபவருக்குத் தெரியாது. மடலை வேறொருவருக்கும் அனுப்பும் சிசிக்கு நகல், மற்றவர் அறியாமல் அனுப்பும் பிசிசிக்கு மறைநகல் என்று முன்பே போட்டாகிவிட்டது. இதற்குக் 'கோப்புப்படி' என்று நினைத்திருக்கிறேன், சரியா?

---

> கோப்புப்படி

வேண்டாம் ஐயா. சட்டப்படி, முறைப்படி என்று பழகிய கண் இதைக் 'கோப்பில் உள்ளபடி' என்றுதான் படிக்கும். 'கோப்புப்படி சேமிக்கவும்' என்று எழுதிப் பாருங்கள், புரியும். பயணப்படி, அகவிலைப்படி வேறு இருக்கின்றன. மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், 'கோப்புநகல்' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

---

அம்மா, மூன்றாவது ஆளாக நுழைகிறேன். நகல் அரபிச் சொல், உருது வழியாக வந்தது. நம்மிடம் படி இருக்கும்போது அது எதற்கு? ஒன்றின் உரு இன்னொன்றில் படிவதால்தான் அது படி என்பது என் துணிபு. கல்வெட்டை எப்படிப் படியெடுக்கிறார்கள்? ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுகிறார்கள், எழுத்து வெள்ளையாக எழும்புகிறது. அது மைப்படி. சிசியின் முதல் எழுத்தும் கார்பன் தாளைத்தான் குறிக்கிறது, அதைக் கரிப்படி என்றே சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

ஒரு வேறுபாட்டையும் பாருங்கள். கல்வெட்டில் மூலம் நின்ற இடத்தில் நிற்கிறது, படிதான் ஊர் போகிறது. மடலில் மூலம் போய்விடுகிறது, படி நம்மிடம் இருக்கிறது. ஆகவே 'இருப்புப்படி'. உள்ளபடி என்ற குழப்பமும் இதில் வராது.

---

இருப்புப்படி அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டால் கிடங்குக் கணக்கு நினைவுக்கு வருகிறது. சொல்லை நான்காக வகுத்த தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நகலுக்கு மட்டும் ஏன் கதவடைக்க வேண்டும்?

அப்புறம், கையேட்டின் மடல் பகுதியில் எஃப்சிசி பற்றி 'வெற்றுரைக் குறிப்பாகச் சேமிக்கலாம்' என்று ஒரு வரி பார்த்தேன், பிளைன் டெக்ஸ்டைத்தான் சொல்கிறீர்கள். வெற்றுப் பேச்சு, வெற்று ஆரவாரம் என்று பழகியவர்களுக்கு வெற்றுரை என்றால் பொருளில்லாத உரை. 'எளிய உரை' என்று வையுங்கள். அந்த வரியே முழு உண்மையும் இல்லை. எஃப்சிசி சேமிப்பது மடலை, நாம் தட்டிய உரையை அப்படியே அல்ல. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. 'படி' என்பதில் ப, ட, இகரக் குறி என மூன்று, ஆக 9 பைட்டு. மடல் குவோட்டட் பிரிண்டபிள் என்ற மடல் குறியாக்க முறையில் போனால் ஒரு பைட்டுக்கு =E0 என்பது போல மூன்று குறி, அந்த இரண்டு எழுத்துச் சொல் கோப்பில் 27 குறிகளாகக் கிடக்கும். கிரெப் என்ற தேடல் நிரலை வைத்துத் தமிழில் தேடினால் கிடைக்காது. குறிப்பேட்டில் தேடிப் படிக்க வேண்டுமென்றால் அனுப்பும் முன்பே உரையை எடுத்து இமேக்ஸின் குறிப்பேடான ஆர்க் கோப்பில் ஒட்டுவதுதான் வழி. கையேட்டில் இதையும் ஒரு வரி சேருங்கள், பெயரைவிட இது முக்கியம்.

---

சேர்த்துவிட்டேன், நன்றி அம்மா. எளிய உரை என்றும் மாற்றினேன். தனி மடலில் கருத்து சொன்ன மூவரும் கோப்புநகல் என்றார்கள். மறைநகலோடு இணையாகவும் நிற்பதால் அதையே வைக்கிறேன். ஐயா சொன்ன இருப்புப்படியைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகக் கொடுத்திருக்கிறேன்.

---

பட்டியலில் இருக்கட்டும். ஆனால் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். மறைநகலையும் மறைபடி என்று மாற்றியிருந்தால் இந்த 'இணை' வாதமே எழுந்திருக்காது. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.