ஒற்றைக் கொலுசை என்ன செய்தீர்கள்?

என்னைப் போலக் காலை இழந்த தோழிகளுக்கு வணக்கம். எனக்கு ஊர் குடியாத்தம். போன ஆடியில் ஒரு விபத்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக்கால் போட்டு நடக்கிறேன். மீதிக் கால் மாதக்கணக்கில் சுருங்கும், அது பொருந்தும் செயற்கைக்காலின் குழி தளர்ந்தால், மீதிக் காலின்மேல் இன்னொரு சாக்ஸ் போட வேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது கண்ணாடிதான். பீரோ கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் துண்டால் மறைத்து வைத்திருக்கிறேன். இல்லாத விரலில் இன்னமும் மெட்டி உறுத்துகிறது. கணவர் ஒன்றும் சொல்வதில்லை, நானாகத்தான் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு மையத்தை வழிநடத்திய டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவரை நினைத்தால் தைரியம் வருகிறது. ஆனால் அவர் எப்படிப் புடவை கட்டினார், எந்த நாளில் அழுதார் என்று யாரிடம் கேட்பது?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கொசுவம் செயற்கைப் பாதத்தில் சிக்காமல் எப்படிக் கட்டுகிறீர்கள்? அந்தப் பாதத்துக்கும் கொலுசு போடுகிறீர்களா? கணவரிடம் முதன்முதலில் காலைக் காட்டியபோது என்ன பேசினீர்கள்? தையில் நாத்தனார் கல்யாணம். காட்பாடி, ஆம்பூர் பக்கம் யாராவது இருந்தால், அதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்க்கலாமா?