பொருள்: பலபடி நானோகுழாயைச் சுற்றுவதற்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

கார்பன் நானோகுழாயும் பலபடிச் (பாலிமர்) சங்கிலியும் ஒட்டுவதை மூலக்கூறு இயக்கவியல் முறையில், அதாவது அணுக்களின் அசைவைக் கணக்கிட்டு, கணினியில் பார்க்கும் பாடக்குறிப்பு ஒன்றில், 'பாலிமர் ராப்பிங்' என்பதற்கு 'உறையிடல்' என்று போட்டிருக்கிறார்கள். அது சரியா? அல்லது 'பரப்புக்கவர்தல்' என்றே எழுதிவிடலாமா?

-----

> 'பரப்புக்கவர்தல்' என்றே எழுதிவிடலாமா?

கூடாது. கணக்கிடும்போது இரண்டும் வேறு வேறு அளவைகள். சங்கிலியின் அணுக்கள் குழாய்ச் சுவரிலிருந்து ஏறத்தாழ 3.4 முதல் 4 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் 0.1 நானோமீட்டர்) தொலைவில் வந்து தங்கினால் அது பரப்புக்கவர்தல். அணுக்களுக்கு இடையிலான மெல்லிய வான்டர்வால்ஸ் ஈர்ப்பே அதற்குப் போதும். அப்படி ஒட்டிய சங்கிலி குழாயின் நீளவாக்கில் நேராகவும் கிடக்கலாம். விறைப்பான முதுகெலும்பு (சங்கிலியின் முதன்மை அணுத்தொடர்) உள்ள பலபடிகள் மெல்லிய குழாயில் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். நேராகக் கிடந்தாலே ஒட்டும் ஆற்றல் கிடைத்துவிடுகிறது, வளைய வேண்டுமென்றால் தனியே ஆற்றல் செலவாகும்.

'உறையிடல்' இன்னும் பொருந்தாது. உறை முழுவதையும் மூடும். ஒற்றைச் சங்கிலி சுற்றினாலோ சுற்றுகளுக்கு நடுவே சுவர் வெறுமையாக நிற்கும், கரைப்பான் அங்கே நேராகத் தொடும்.

என் பரிந்துரை: ஒழுங்கின்றிச் சுற்றினால் 'சுற்றிப்படர்வு', திருகுபோல் சீராக ஏறினால் 'புரிச்சுற்று'. திருகு அளவிப் பாடத்தில் 'புரியிடைத் தூரம்' (அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலான தூரம்) ஏற்கெனவே இருப்பதால் மாணவருக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. திசைக்கு வலம்புரி, இடம்புரி.

அளக்கும் வழியையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். குழாயின் அச்சை இஸட் என்று வைத்து, முதுகெலும்பு அணுக்கள் ஒவ்வொன்றும் அச்சைச் சுற்றி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து, அடுத்தடுத்த வேறுபாடுகளைக் கூட்டுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டையும் −180 முதல் +180 பாகைக்குள் கொண்டுவந்த பிறகே கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் 179இலிருந்து −179க்குப் போகும் இடத்தில் 2 பாகை முன்னே திரும்பியது 358 பாகை பின்னே சுற்றியதாகப் பதிவாகும். கணினியில் மூலக்கூறுகளை வைக்கும் பெட்டியின் எல்லையில் துண்டாகத் தெரியும் சங்கிலியை அதற்கு முன்பே முழு மூலக்கூறாக்கிவிட வேண்டும். கூட்டுத்தொகை, குறி எதுவானாலும், 360ஐத் தாண்டினால் ஒரு முழுச்சுற்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சங்கிலியைப் புரியாகவே சுற்றிவைத்துத் தொடங்கி, அறை வெப்பநிலையில் சில பத்து நானோநொடி ஓட்டிவிட்டு 'புரிச்சுற்று நிலையானது' என்று எழுதுவது ஏற்கத்தக்கதல்ல. ஒட்டிய சங்கிலி அவ்வளவு எளிதில் விடுபடாது. தொடங்கிய வடிவத்திலேயே சிக்கிக்கிடக்கும். தளர்ந்த சங்கிலிகள் பலவற்றிலிருந்து தனித்தனியே தொடங்கி, எல்லாம் ஒரே புரியிடைத் தூரத்துக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

-----

> திசைக்கு வலம்புரி, இடம்புரி.

'புரிச்சுற்று' மிகப் பொருத்தம், அப்படியே ஏற்கலாம். திசைச்சொற்களுக்கு மட்டும் என் மறுப்பு. கோயில்களில் போற்றும் வலம்புரிச் சங்கின் சுருள், அறிவியல் வழக்கில் இடப்பக்கச் சுருள்! சாதாரணச் சங்குதான் வலப்பக்கம் சுருள்வது. சங்கை மனத்தில் வைத்துப் படிப்பவர் குறியை நேர்மாறாகப் போட்டுவிடுவார். அதனால் 'வலக்கைப்புரி', 'இடக்கைப்புரி' என்று வைக்கலாம். மேலே சொன்ன கூட்டுத்தொகை இஸட்டுடன் சேர்ந்து ஏறினால் வலக்கைப்புரி, இஸட் ஏற அது இறங்கினால் இடக்கைப்புரி. நிரலைச் சரிபார்க்க டிஎன்ஏவின் வழக்கமான வடிவமான பி வடிவத்தை ஓட்டிப் பாருங்கள். வலக்கைப்புரி என்று வர வேண்டும்.