கிரேடு 2 ஃபேட்டி லிவர்: கொலஸ்ட்ரால் மாத்திரையை ஈரல் தாங்குமா?

அஸ்தம்பட்டி_வாசி:
தம்பிக்கு வயசு 42, எடை 82 கிலோ, குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு) கிரேடு 2. ஈரல் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 45, எஸ்ஜிபிடி 68. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 2.10 லட்சம், ரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு 240, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 128, பிரஷர் 138/88. ஈரலைக் காட்டப் போனா டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை ரோசுவாஸ்டாடின் 10 எழுதிட்டார். ஏற்கெனவே கெட்ட ஈரல், இது தாங்குமாங்க?

லேப்_மேசை:
தாங்கும்ங்க. கிரேடு என்பது கொழுப்பின் அளவு மட்டும். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு ஃபிப்-4 கணக்குப் போடுங்க. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 1890. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (210), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் (8.25) பெருக்கினால் சுமார் 1732. வகுத்தால் 1.09. 1.3க்குக் கீழே என்பதால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு.

பயப்பட வேண்டியது இதயத்துக்குத்தான். இன்சுலின் சரியா வேலை செய்யாத ஈரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் தள்ளிக்கிட்டே இருக்கும். ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்குவது அதனால்தான். ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் அதிகம் இறப்பது ஈரல் நோயால் இல்லை, மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவற்றால். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை, டாக்டர் எழுதினது சரி.

ஏற்காடு_காப்பி:
மாத்திரையோட எடையும் இறங்கணும். 4 கிலோ குறைஞ்சா ஈரல் கொழுப்பு கரையும், 6 முதல் 8 குறைஞ்சா வீக்கமும் ஆறும். வாரம் அரை கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளன்னு இறக்கினா ஈரல் இன்னும் வீங்கலாம். நடை வாரம் 150 நிமிஷம். ஞாயிறு மட்டும் மலையடிவாரத்துக்குப் போய் கொஞ்சம் நடந்துட்டு வர்றது போதாது!

நம்ம சேலத்துக்காரங்க ஏமாறுவது ஜவ்வரிசியில். லேசான உணவுன்னு நினைப்பு, ஆனா கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. தட்டுவடை செட்டில் பீட்ரூட் துருவல் இருந்தாலும் தட்டுவடை எண்ணெயில் பொரிச்சதுதானே. மாம்பழம் ரெண்டு துண்டு சரி, ஜூஸ் வேண்டாம். சர்க்கரை போடாத காப்பி ஈரலுக்கு நல்லது. ஆனா எவர்சில்வர் ஃபில்டர் காப்பியெண்ணெயைத் தடுக்காது, அது எல்டிஎல்லை ஏத்தும். ரெண்டு டம்ளரோட நிறுத்தணும்.

அஸ்தம்பட்டி_வாசி:
சீந்தில் கஷாயம் தினமும் குடிக்கிறான். விடணுமா?

லேப்_மேசை:
உடனே விடச் சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. சீந்திலால் ஈரல் பாதிச்சவங்க இருக்காங்க. கஷாயத்தையும் மாத்திரையையும் சேர்த்து எடுத்தா, எஸ்ஜிபிடி ஏறும்போது பழி மாத்திரை மேல விழும். 6 முதல் 12 வாரத்தில் ரத்தக் கொழுப்பும் எஸ்ஜிபிடியும் மறுபடி பாருங்க. எஸ்ஜிபிடி 120 தாண்டினாலோ, தசைவலியோட சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே டாக்டரைப் பார்க்கணும்.