பழைய லாச்சிப் பெட்டிக்கு (இழுப்பறைப் பெட்டிக்கு) உள்ளே வோல்பேப்பர் ஒட்டலாமா?

மஸ்கெலியா டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா துரை பங்களாவில அப்புவா, அதாவது சமையல்காரரா வேலை செஞ்சவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த நேரம், பங்களாச் சாமான்களை வித்திருக்காங்க. அப்ப அவர் வாங்கின பலாமர லாச்சிப் பெட்டி இப்ப என்கிட்ட வந்திருக்கு. வெளிப்பக்கம் பாலிஷ் போட்டாச்சு. உள்பக்கம்தான் மனசுக்குச் சரியா இல்ல. மேல் லாச்சியில மைக்கறை, கீழ் லாச்சியில அடிப்பலகை நடுவால வெடிச்சிருக்கு. எல்லாத்துலயும் பூச்சி உருண்டை வாசம் வேற.

புறக்கோட்டையில ஒரு ரோல் வோல்பேப்பர் வாங்கி வந்தேன். வெளிர்நீலத்துல வெள்ளைக் கொடி போட்டது, 53 சென்ரிமீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம். கோதுமை மா பசை காய்ச்சி ஒட்டினா நிக்குமா, இல்ல வுட் கம் வாங்கணுமா? லாச்சியோட பக்கங்களுக்கும் ஒட்டணுமா? மே பிறந்தா இங்க மழை பிடிச்சிரும், அதுக்குள்ள முடிக்கணும். என் மகள் உடுப்பு வைக்கப் போற பெட்டி, அழகா இருக்கணும்னு ஆசை.

ஹட்டன் தையல்கடை:
டீச்சர், அந்த ரோலை வேற எதுக்காவது வையுங்க. பின்னால தாளை உரிச்சு ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட் ஹட்டன் கடைகளிலயே இருக்கு. பசை வேலை இல்ல, ஈரத்துணியால துடைச்சிரலாம். என் கடை மேசை லாச்சிக்கு அதைத்தான் போட்டிருக்கேன்.

பண்டாரவளை பாஸ்:
தையல்கடை அக்கா சொன்னது கடை மேசைக்குச் சரி, நாள் முழுக்கத் திறந்து மூடுற லாச்சி அது. உடுப்பு வச்சு மூடியே கிடக்கிற லாச்சிக்கு, அதுவும் மஸ்கெலியா ஈரத்துல, பிளாஸ்டிக் வேண்டாம். மரத்துல இருக்கிற ஈரம் அடியிலயே அடைபட்டு, வெளியே தெரியாம பூசணம் பிடிக்கும்.

டீச்சர், உங்க வோல்பேப்பரையே போடுங்க. ஆனா மரத்துல ஒட்டாதீங்க. நான் தச்சு வேலைக்காரன், பங்களாச் சாமான் நிறையப் பிரிச்சுக் கட்டியிருக்கேன், அதனால இதை அழுத்திச் சொல்றேன். பலகை ஈரம் குடிச்சா அகலத்துல விரியும், காய்ஞ்சா சுருங்கும். நீளத்துல அசைவே தெரியாது. எங்க ஊவாப் பக்கம் ஆடி மாசக் கச்சான் காத்துல காய்ஞ்சு, ஐப்பசி மழையில ஊதும். உங்க பக்கம் தை, மாசியில காய்ஞ்சு, வைகாசியில இருந்து ஊதும். மரத்தோட ஒட்டின கடதாசி ஒரு வருசத்துலயே சுருங்கும், இல்லன்னா கிழியும்.

அந்தக் காலத்துத் தச்சர் அடிப்பலகையைக் காடியில, அதாவது பக்கப் பலகையில வெட்டின பள்ளத்துல, சும்மாதான் சொருகியிருப்பாங்க, பலகை அசையட்டும்னு. கீழ் லாச்சியைத் திருப்பிப் பாருங்க. பின்னால யாராவது சுத்திவர ஆணி அடிச்சிருந்தா, வெடிப்புக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும். நடு ஆணி ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழட்டுங்க.

இனி கடதாசி வேலை. புத்தகம் கட்டுற இடத்துல சாம்பல் நிற மொத்த அட்டை கேளுங்க. லாச்சி உள் அளவை விட எல்லாப் பக்கமும் 2 மில்லிமீற்றர் குறைச்சு வெட்டுங்க. வோல்பேப்பரை அட்டையில ஒட்டி, ஓரங்களைப் பின்னால மடிச்சு விடுங்க. அட்டையோட பின்பக்கத்துக்கும் ஒரு வெள்ளைக் கடதாசி கட்டாயம் ஒட்டணும். ஈரக் கடதாசி காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அட்டை அப்பளம் மாதிரி வளைஞ்சிரும். ரெண்டு பக்கமும் ஒட்டி, பாரம் வச்சு ஒரு ராத்திரி விடுங்க. பிறகு லாச்சியில சும்மா போட்டுவிட்டா போதும், வெயில் வந்த நாள் எடுத்துக் காய வைக்கலாம்.

மா பசையை விடுங்க. வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுச்சத்துத்தான் சாப்பாடு. வெள்ளை வுட் கம்மைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கிப் பூசுங்க. பக்கப் பலகைகளைச் சும்மா விடுங்க. மூலையில புறா வால் மாதிரி வெட்டிக் கோத்த டவ்டெயில் மூட்டு இருந்தா அதை மூடாதீங்க, கையால வெட்டின வேலை அது. வெளிப்பக்கத்துல ஒட்டினா லாச்சி இறுகிரும். ஓடுற அடிக்கட்டையில மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு விடுங்க.

மஸ்கெலியா டீச்சர்:
ரொம்ப நன்றி பாஸ். திருப்பிப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே சுத்திவர ஆணி! வாசத்துக்கு என்ன செய்ய? ரெண்டாவது லாச்சியில பழைய வீரகேசரித் தாளும் ஒட்டியிருக்கு, மஞ்சளாகிப் போச்சு. தாத்தா ஒட்டினதுன்னு அம்மா சொல்றாங்க. உரிச்சிரவா?

பண்டாரவளை பாஸ்:
உரிக்காதீங்க டீச்சர். தண்ணி போட்டு உரிச்சா தாளும் போகும், மரத்துலயும் கறை ஏறும். முதல்ல ஒரு படம் எடுத்துக்குங்க. மேல ஒரு வெள்ளைத்தாள் போட்டு அதுக்கு மேல அட்டையை வையுங்க. பத்திரிகைத் தாள்ல புளிப்புத்தன்மை இருக்கு, நேரா பட்டா உங்க புதுக் கடதாசியும் மஞ்சளாகும். வேணும்போது அட்டையைத் தூக்கித் தாத்தா ஒட்டினதை மகளுக்குக் காட்டலாம்.

வாசத்துக்கு, லாச்சியை எல்லாம் கழட்டி நல்ல வெயில் நாள்ல காத்தோட்டமா வையுங்க. பூச்சி உருண்டை காத்துல கரைஞ்சு போற சாமான், நாள் எடுத்தாலும் போயிரும். பிறகும் பழைய மர வாசம் இருந்தா, அரக்கை ஸ்பிரிட்டில கரைச்ச பாலிஷ் இருக்கே, அதை உள்பக்கம் மெல்லிசா ஒரு பூச்சு பூசுங்க, வாசத்தை அடக்கிரும். ஆளி விதை எண்ணெய் மாதிரி எதையும் உள்ளே தடவாதீங்க, மூடின இடத்துல அதுவே ஒரு ஊசல் வாசம் எடுக்கும். ரெண்டாவது லாச்சியில தாள் ஒட்டின அடிப்பலகையை விட்டுட்டுப் பக்கங்களுக்கு மட்டும் பூசுங்க.

ஹட்டன் தையல்கடை:
பாஸ், அந்த அட்டை ஹட்டன்ல அச்சகங்களிலயும் கிடைக்கும். டீச்சர், வெட்டுறதுக்கு முன்னால எல்லா லாச்சியையும் தனித்தனியா அளந்து அட்டைப் பின்னால நம்பர் போடுங்க. பழைய பெட்டியில ஒரு லாச்சி அளவு இன்னொண்ணுக்கு வராது.